வெட்டுண்ட கையொப்பம்

அமெரிக்க விடுதலைப் போர்க் காலத்து அரசுக் கடன் பத்திரங்களையும் ஊதிய ஆணைகளையும் தேடிச் சேர்ப்போர் உளர். அவற்றிலுள்ள கையொப்பமே அவர்தம் தேட்டம். 1776ஆம் ஆண்டின் சுதந்திரப் பிரகடனத்தில் ஒப்பமிட்ட பிரான்சிஸ் ஹாப்கின்சன், பின்னர்க் கடன் பத்திரங்களிலும் ஒப்பமிட்டார்.

கனெக்டிகட் மாநில ஊதிய ஆணை ஒன்றின் படத்தை ஒருமுறை கண்டோம். 1796இல் அந்நாட்டுத் தலைமை நீதிபதியான ஆலிவர் எல்ஸ்வொர்த்தின் கையொப்பம் அதில் இருந்தது. தாளிலோ ஒரு வெட்டு! அறியாதார் செய்த சிதைவென்றெண்ணி வருந்தினோம். விசாரித்தபோதுதான் உண்மை விளங்கிற்று. பணம் கொடுத்துத் தீர்ந்த தாள் மீண்டும் வந்து பணம் கேளாதிருக்க அரசே இட்ட வெட்டு அது. சேகரிப்போர் சந்தையில் அதனால் விலை குறையலாம். வாக்கு நிறைவேறியதற்கு அந்த வடுவே சாட்சி.

எல்லா வாக்கும் உரியவரிடம் சேரவில்லை. ஊதியத்துக்கு ஈடாகச் சான்றிதழ் பெற்ற போர்வீரர் பலர், வறுமையால் அதனை அற்ப விலைக்கு விற்றனர். 1790இல் ஹாமில்டனின் திட்டப்படி அரசு கடனை ஏற்றபோது, பயன் வாங்கி வைத்திருந்தோருக்கே போயிற்று. முதலில் பெற்றோர்க்கும் பங்கு வேண்டுமென்ற மாடிசனின் கோரிக்கை சபையில் தோற்றது.

கையொப்பம் ஓர் அமானிதம் அன்றோ? நாம் ஒப்பமிட்ட கைமாற்றுச் சீட்டொன்றும் நண்பர் ஒருவரின் பெட்டியில் வெட்டுப்படாமலே கிடந்தது. மறுநாட் காலையே பணத்துடன் அவர் வீட்டு வாசலில் நின்றோம்.