இரண்டு எழுத்துக்கு 250 ரூபாய்

லேபிளில் எழுதியிருப்பது நிஜமா பொய்யா என்று ஆராய்கிறதுக்கு முன்னாடி, அது பொய்யாக இருந்தால் யாருக்கு எவ்வளவு காசு மிஞ்சும்னு கணக்குப் போடுங்க. கரும்பு போட்டு, ஆலை ஓட்டி, வெல்லத்தைச் சிப்பம் சிப்பமாக மண்டிக்கு அனுப்புகிற எங்களுக்கு இந்தக் கணக்கு பழகினது. சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிற எங்க பிள்ளைக கடையில் நின்னுக்கிட்டே பாக்கெட்டைப் படம் பிடிச்சு வாட்ஸ்அப்பில் அனுப்பி, "மாமா, இது ஒரிஜினலா?"ன்னு கேட்கிறாங்க. படத்தைப் பார்த்து அதைச் சொல்ல யாராலும் முடியாது. ஆனா ஏமாற்ற எவ்வளவு இடம் இருக்குன்னு சொல்ல முடியும்.

கருப்பட்டியை எடுத்துக்கலாம். நல்ல கருப்பட்டி இன்னைக்குக் கடையில் கிலோ 300 ரூபாய்க்குக் குறைஞ்சு கிடைக்கிறது இல்லை. வெள்ளைச் சர்க்கரை, எங்க பக்கம் அஸ்கான்னு சொல்லுவோம், கிலோ 45 ரூபாய் பக்கம். ஆக 'பனை' என்கிற இரண்டு எழுத்துக்குத்தான் மீதி 250 ரூபாய். அந்த விலை அநியாயம் கிடையாதுங்க. மாசி, பங்குனியில் ஆரம்பிச்சு ஆடி வரைக்கும்தான் பனை பால் கொடுக்கும். காலையிலும் சாயங்காலமும் மரம் ஏறிப் பாளை சீவணும், கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவணும். எட்டுப் பத்து லிட்டர் பதநீர் காய்ச்சினால் ஒரு கிலோ கருப்பட்டி தேறும். ஏறுகிற ஆளும் வருசத்துக்கு வருசம் குறையுது. இதில் பாதிக்குப் பாதி அஸ்காவைக் கரைச்சு ஊத்தினால் கிலோவுக்கு 120 ரூபாய்க்கு மேல சும்மா மிஞ்சும். நிறமும் கருப்பாத்தான் இருக்கும், அச்சும் சிரட்டை வடிவத்துலதான் இருக்கும். இப்படி ஒரு பொருள்னா, யார் விற்றாலும் முதலில் சந்தேகப்படலாம். அதிலும் வருசம் முழுக்க ஒரே விலையில், எவ்வளவு கேட்டாலும் சப்ளை பண்றேன்னு சொன்னால் இன்னும் கூடுதலாகச் சந்தேகப்படலாம்.

நாட்டுச்சர்க்கரையில் கதை வேற. இங்கே விலை வித்தியாசம் சின்னது. 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு வைத்த கரும்பு விலை, 10.25 சதவீதப் பிழிதிறனுக்கு, குவிண்டாலுக்கு 355 ரூபாய். பத்துக் கிலோ கரும்புக்கு ஏறக்குறைய ஒரு கிலோ வெல்லம் வரும். கரும்புக்கு மட்டுமே 35 ரூபாய் ஆச்சு. வெட்டுக்கூலி, வண்டி வாடகை, கொப்பரைக்கு முன்னாடி வேகுறவங்க கூலி எல்லாம் சேர்ந்தால் அஸ்கா விலையைத் தாண்டிரும். அப்புறம் எப்படி ஒரு கடையில் நாட்டுச்சர்க்கரை அஸ்கா விலைக்கே கிடைக்குது? கொப்பரைக்குள் அஸ்கா போயிருக்கணும், இல்லாட்டி யாரோ ஒருத்தர் நஷ்டத்துக்கு விக்கணும். நஷ்டத்துக்கு விற்கிறவர் ஒரு தடவை விற்பார், மாசாமாசம் விற்க மாட்டார்.

இதில் காசைவிட நிறம்தான் பெரிய வில்லன். சாறைக் கொதிக்க விட்டு, சுண்ணாம்பு போட்டு, வெண்டைத் தண்டை நசுக்கி ஊறவச்ச வழவழப்புத் தண்ணியை ஊத்தினால் அழுக்கு மேல வந்துரும். அதை வழிச்சு எடுத்துட்டுக் காய்ச்சினால் வருகிற வெல்லம் பழுப்பு நிறம். மண்ணைப் பொறுத்து, கரும்பு ரகத்தைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும், குறையும். ஆனா மண்டியில் விலை போறது மஞ்சள் வெல்லம். அதுக்காக ஹைட்ரோஸ் போடுறாங்க. போட்ட உடனே தங்கமாட்டம் மின்னும், நாள் ஆக ஆக மறுபடி கறுக்கும். வெல்லத்தில் கந்தக டை ஆக்சைடு கிலோவுக்கு 70 மில்லிகிராமைத் தாண்டக்கூடாதுன்னு சட்டத்தில் அளவு இருக்கு. கொப்பரைப் பக்கத்தில் தராசு வச்சு யாரும் போடுறது இல்லை, கைப்பிடிதான் கணக்கு. எங்க ஊரில் மருந்து போடாமல் காய்ச்சிக்கிட்டு இருந்த பங்காளி ஒருத்தர் மூணு வருசம் சிப்பத்துக்கு விலை குறைச்சே வாங்கிப் பார்த்துட்டு, ஆலையைப் பிரிச்சு இரும்பு விலைக்குப் போட்டுட்டார். இப்போ அவர் கரும்பு நேரா சர்க்கரை ஆலைக்குப் போகுது. அஸ்காவாத் திரும்பி வருது.

சரி, லேபுக்கு அனுப்பினால் தெரிஞ்சுராதான்னு கேட்பீங்க. பொருளைப் பொறுத்தது. கரும்பும் மக்காச்சோளமும் காற்றிலிருந்து கார்பனை எடுக்கிற முறை ஒன்று. பனை, நெல், தேனீ போய் உட்கார்கிற பெரும்பாலான பூச்செடிகள் எடுக்கிற முறை இன்னொன்று. அந்த வித்தியாசம் இனிப்பிலும் தங்கும். அதனால் கருப்பட்டியில் கரும்புச் சர்க்கரை கலந்தால் கார்பன் ஐசோடோப்பு சோதனையில் காட்டிக் கொடுத்துரும். தேனில் கலந்தாலும் அப்படித்தான். ஆனா கரும்பு வெல்லத்தில் கரும்புச் சர்க்கரையே கலந்தால்? இரண்டும் ஒரே செடி. அந்தச் சோதனை வாயைத் திறக்காது. உப்புச்சத்து, சாம்பல் அளவுன்னு சுத்தி வளைச்சுத்தான் ஊகிக்கணும்.

தேனில் கலப்படக்காரங்க அந்தச் சோதனையையும் படிச்சுட்டாங்க. கரும்புப் பாகை விட்டுட்டு அரிசிப் பாகுக்கு மாறினால் ஐசோடோப்பு ஏமாந்துரும். 2020 டிசம்பரில் டெல்லி அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டு தேனைச் சோதிக்கக் கொடுத்த முடிவை வெளியிட்டது. இங்கே உள்ள வழக்கமான சோதனைகளில் பெரும்பாலானவை தேறின. ஜெர்மனியில் என்.எம்.ஆர். சோதனை வரைக்கும் போனபோது, எல்லாவற்றிலும் தேறினது 3 பிராண்டுதான். நிறுவனங்கள் அதை மறுத்தாங்க, விளம்பரச் சண்டை நடந்தது. எனக்கு அதில் தெரிஞ்சது இதுதான்: 'சோதனையில் தேறியது' என்று லேபிளில் போட்டிருந்தால், எந்தச் சோதனைன்னு கேட்கணும். தேனைத் தண்ணியில் விடுகிற, தீக்குச்சியில் கொளுத்துகிற வீடியோவை எல்லாம் தயவுசெஞ்சு எனக்கு அனுப்பாதீங்க. நல்ல கெட்டிப் பாகு அது எல்லாத்தையும் ஊதித் தள்ளிரும்.

லேபிளில் படிக்க வேண்டியது முன்பக்கம் இல்லை, பின்பக்கம். சேர்மானப் பட்டியலில் எது எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் எழுதணும்னு விதி. முன்னாடி பெரிய பனைமரம் போட்டுட்டு, பின்னாடி முதல் பெயராகச் சர்க்கரை இருந்தால் அது சர்க்கரை மிட்டாய்தான். அப்புறம் 'இயற்கை', 'பாரம்பரியம்', 'சுத்தமான' மாதிரி வார்த்தைகள். 2018 விளம்பர விதிகளில் இதை எல்லாம் இஷ்டத்துக்குப் போட முடியாது. பிராண்டு பெயரிலேயே அந்த வார்த்தை இருந்து, பொருள் அப்படி இல்லாட்டி, 'இது வணிகப் பெயர் மட்டுமே, பொருளின் தன்மையைக் குறிக்காது'ன்னு ஒரு வரி போட்டாகணும். மூணு மில்லிமீட்டர் எழுத்தில் இருக்கும். கண்ணாடி போட்டுத் தேடுங்க.

14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண்ணைத் தரச் சான்றிதழ்னு நினைச்சுக்கிறவங்க நிறையப் பேர். அது கடைக்காரர் அரசாங்கத்துக்குத் தெரிஞ்ச ஆளுன்னு மட்டும்தான் சொல்லும். 1-ல ஆரம்பிச்சால் உரிமம், 2-ல ஆரம்பிச்சால் சின்னத் தொழிலுக்கான பதிவு. ஆனா அதை ஃபோஸ்காஸ் தளத்தில் போட்டுப் பார்த்தால் அவர் தயாரிக்கிறவரா, வாங்கிப் பாக்கெட் போடுறவரா, வெறும் வியாபாரியான்னு தெரியும். 'எங்கள் தோட்டத்திலிருந்து' என்று போட்டவர் அங்கே ரீபேக்கராக இருந்தால் மேல கேளுங்க. கை மாற மாறக் கலக்க வாய்ப்பு கூடும். பழனி பஞ்சாமிர்தத்துக்கு நாட்டுச்சர்க்கரையைக் கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் விவசாயி கொண்டுவந்த மூட்டையிலேயே பார்த்து எடுக்கிறாங்க. அந்த வசதி ஒரு பாக்கெட் வாங்குறவங்களுக்கு இல்லை.

ஆர்கானிக் என்று போட்டிருந்தால் ஜைவிக் பாரத் முத்திரை இருக்கான்னு பாருங்க. வருசத்துக்கு 12 லட்சத்துக்குள் விற்று, நேரடியாக உங்களுக்கே கொடுக்கிற சின்ன விவசாயிக்குச் சான்றிதழ் கட்டாயம் இல்லை. அதே பொருள் சூப்பர் மார்க்கெட் அலமாரியில் ஏறினால் கட்டாயம்.

ரொம்பச் சந்தேகமாக இருந்தால் இன்னொரு வழியும் இருக்கு. 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-வது பிரிவில், வாங்கினவரே கட்டணம் கட்டிப் பொருளைச் சோதனைக்குக் கொடுக்கலாம். கொடுக்கப் போறதை விற்றவரிடம் வாங்கும்போதே சொல்லணும். சட்டத்துக்கு மாறாக இருந்தால் கட்டின பணம் திரும்பக் கிடைக்கும். தெருவில் நாலு குடும்பம் சேர்ந்து ஒரு தடவை கொடுத்துப் பார்க்கலாம்.

ஒரு சின்ன விஷயம், ஐப்பசி அடைமழைக்கு முன்னாடி சொல்லிடறேன். மருந்து போடாத வெல்லம் மழைக்காலத்தில் ஈரம் இழுத்துக் கசியும், நெகிழ்ந்து கையில் ஒட்டும். போன வருசம் நகரத்துக் கடை ஒன்று இதைக் 'கெட்டுப்போனது'ன்னு சொல்லிப் பத்துச் சிப்பத்தைத் திருப்பி அனுப்பிருச்சு. அதுக்குப் பதிலா அவங்க வாங்கி வச்சது கல்லாட்டம் உலர்ந்து, மஞ்சளா, பார்க்க ஜோரா இருந்தது. உங்க வீட்டில் கசிஞ்சால் மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு, வெயில் வந்த அன்னைக்கு ஒரு மணி நேரம் காய வையுங்க.