கருப்பு வென்ற தபால் ஆட்டம்

ஜூலை 12, சனி. அம்பத்தூர்

இந்த மாதம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர எஸ்ட்ரின்–பெர்லினர் ஆட்டத்தை எடுத்திருக்கிறேன். 1965இல் தொடங்கிய ஐந்தாவது உலகத் தபால் சதுரங்கச் சாம்பியன்ஷிப்பில் ஆடியது. மாஸ்கோவின் யாகோவ் எஸ்ட்ரின் வெள்ளை. அமெரிக்காவின் ஹான்ஸ் பெர்லினர் கருப்பு. பெர்லினர் எடுத்தது ‘இரு குதிரைத் தற்காப்பு’. அதை ஆராய்ந்து எழுதியே பெயர் வாங்கியவர் எஸ்ட்ரின். அவர் கரைத்துக் குடித்த வழியிலேயே அவரை எதிர்க்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

ஜூலை 13, ஞாயிறு

பதினோராவது நகர்த்தலில் கருப்பின் குதிரை போகிறது. அடுத்ததில் செக்; ராஜா டி8க்கு நகர்கிறது, இனி கோட்டை கட்ட வழியில்லை. ஆனால் வெள்ளையின் ராணிப் பக்கத்து யானை, குதிரை, பிஷப் மூன்றும் கிளம்பவே இல்லை. 14ஆம் நகர்த்தலில் எதிரி யானையை உடனே வெட்டலாம். பெர்லினர் வெட்டவில்லை, தன் யானையை பி8க்கு நகர்த்தி பிஷப்பை மிரட்டுகிறார். அது பின்வாங்கிய பிறகே வெட்டு. பிறகு அந்த யானை பி6க்கு ஏறித் தாக்குதலில் சேர்கிறது. ஒரு காய் குறைவாக இருக்கும்போது இந்த நிதானம்!

ஜூலை 16, புதன்

28ஆம் நகர்த்தலோடு ராணிகள் போயாயிற்று. யானைக்கு யானை, கருப்புக்கு ஒரு சிப்பாய் கூடுதல். எனக்கு மிகப் பிடித்த இடம் இதற்கு அப்புறம்தான். 31இல் அந்தச் சிப்பாயையும் வெட்டுக்கு விட்டுவிட்டு, பெர்லினர் ராஜாவை ஈ5, டி4, டி3 என்று நடத்திப் போகிறார். இறுதிக்கட்டத்தில் ராஜாவும் போர்வீரன்தான். 42ஆம் நகர்த்தலோடு ஆட்டம் முடிந்தது. 1968இல் 16 ஆட்டங்களில் 12 வெற்றி, 4 டிரா என்று பட்டம் அவர் கைக்கு வந்தது.

ஜூலை 20, ஞாயிறு. உலக சதுரங்க நாள்

தபால் ஆட்டம் நம் ஊருக்குப் புதிதல்ல. 1828–29இல் மெட்ராஸும் ஹைதராபாத்தும் ஆடின. மெட்ராஸ் தரப்பில் குலாம் காசிம் இருந்தார். அந்த ஆட்டங்கள் 1829இல் மெட்ராஸிலேயே புத்தகமாக அச்சாயின.

பக்கத்து மேல் அயனம்பாக்கத்துப் பள்ளியில் படித்த குகேஷ், 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் உலகச் சாம்பியன்ஷிப் போட்டியில் டிங் லிரெனை வென்ற பதினான்காம் ஆட்டமும் கருப்புக் காய்களில்தான். ஒரு சிப்பாய் மட்டும் கூடுதல். டிரா என்றே பலரும் நினைத்தார்கள். 18 வயதுப் பையன் விடாமல் ஆடினான்.

காயைக் கொடுக்கும் துணிச்சலைப் பிள்ளைகள் போனில் மூன்று நிமிட ஆட்டங்களிலேயே கற்றுவிடுகிறார்கள். கொடுத்த பிறகு நிதானமாக உட்காரும் பழக்கத்தை நாம்தான் தர வேண்டும். இந்த வாரம் முதல் வகுப்பில் ஆளுக்கொரு நிலையைத் தாளில் வரைந்து கொடுக்கப் போகிறேன். மூன்று நாள் யோசித்து, ஒரே ஒரு நகர்த்தலையும் அதற்கான காரணத்தையும் எழுதி வர வேண்டும்.