தீர்ப்புச் சொல்லாதவர்களின் தொழில்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மத்தியஸ்த சபைகள் பெரும்பாலும் வார இறுதியில், பாடசாலை வகுப்பறைகளில் கூடுகின்றன. ஒரு மேசை, மூன்று மத்தியஸ்தர்கள், எதிரே இரண்டு தரப்பார். தரப்பாருக்காகப் பேசச் சட்டத்தரணிக்கு அங்கே இடமில்லை. மத்தியஸ்தர்களில் பலர் ஓய்வுபெற்ற அதிபர்கள், ஆசிரியர்கள், அரச உத்தியோகத்தர்கள். சம்பளம் இல்லாத தொண்டர்கள். நீதி அமைச்சு இவர்களுக்குப் பயிற்சி தருகிறது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்க மத்தியஸ்த சபைகள் சட்டம் இவர்களுக்குத் தீர்ப்பளிக்கும் அதிகாரத்தைக் கொடுக்கவில்லை. இரு தரப்பும் தாமாக இணங்கினால் அதை எழுதிச் சான்றிதழ் கொடுக்கலாம். இணங்காவிட்டால் அதற்கும் ஒரு சான்றிதழ் கொடுத்து நீதிமன்றத்துக்கு வழிவிடலாம். இதைப் பலர் குறையாகப் பார்க்கிறார்கள். அமர்வுகளைக் கவனித்தபின் எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதிகாரம் இல்லாததே இந்த வேலையின் பலம். ஆதலால் இதை நல்ல மனது படைத்தவர்களின் பொழுதுபோக்காகவோ மலிவான நீதிமன்றமாகவோ கருதாமல், கற்றுத் தேறவேண்டிய தொழிலாக மதிக்க வேண்டும் என்பதே என் வாதம்.

குடாநாட்டின் பிணக்குகளே இதற்கு முதற்சான்று. இங்கே ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லை, சுண்ணாம்புப் பாறைக்குள் தேங்கும் நீரைக் கிணற்றால் எடுத்தே தோட்டமும் வீடும் வாழ்கின்றன. 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுத்த தேசவழமை இன்றும் நடைமுறைச் சட்டம். முதுசமும் சீதனமும் தலைமுறைதோறும் காணியைத் துண்டாக்க, கிணறு மட்டும் பங்குக் கிணறாகவே நின்றுவிடுகிறது. சில பரப்புக் காணிக்கு ஓர் உறுதி. அதனுள் கிணற்றில் ஒரு பங்கு, ஒழுங்கையில் நடைபாதை உரித்து, வாய்க்காலில் நீர் உரித்து. துலா மிதித்த காலத்தில் இறைப்பு முறை ஆளின் உழைப்பால் அளவுபட்டது. மோட்டர் வந்தபின் அதே கிணறு ஒருவருடைய இறைப்பிலேயே வற்றிப்போகலாம். நீதிமன்றம் பங்கு யாருடையது என்று தீர்ப்பளிக்கும். நாளைக் காலை யார் முதலில் இறைப்பது, மோட்டர் எத்தனை மணிக்கு நிற்பது என்பதை இரண்டு வீட்டாரும் பேசித்தான் முடிவுசெய்ய வேண்டும். வழக்கில் வென்றவரும் தோற்றவரும் அதே கிணற்றடிக்குத்தான் போகிறார்கள்.

போர் இந்தப் பிணக்குகளுக்கு இன்னொரு சுமையை ஏற்றியது. 1990 ஒக்டோபரில் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே தென்மராட்சிக்குப் பெயர்ந்தது. எல்லைக் கதியால் பட்டது, உறுதி தொலைந்தது, வெற்றுக் காணியில் இன்னொரு இடம்பெயர்ந்த குடும்பம் கொட்டில் போட்டது. பத்து ஆண்டு தடையற்ற ஆட்சி உரிமையாகிவிடும் என்ற பொதுச் சட்டம், ஓடிப்போனவருக்கு அநீதியாக முடியும் என்பதால் 2016இல் விசேட சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. காணிப் பிணக்குகளுக்கென விசேட மத்தியஸ்த சபையும் யாழ்ப்பாணத்தில் அமைந்தது. இத்தகைய பிணக்கில் இரு தரப்பாருமே இழந்தவர்கள். ஒருவரைக் குற்றவாளியாக்காமல் பேசத் தெரிந்தவர் இங்கே தேவைப்படுகிறார்.

அந்தப் பேச்சுக்கு ஒரு முறை உண்டு. நல்ல மத்தியஸ்தர் முதலில் ஒருவரை முழுதாகச் சொல்ல விடுகிறார். மற்றவர் குறுக்கிட்டால் அவருக்குரிய நேரம் வரும் என்று தடுக்கிறார். கேட்டதைத் திட்டும் பழியும் நீக்கித் தன் சொல்லில் திருப்பிச் சொல்கிறார். பிறகு 'எவ்வளவு காணி வேண்டும்' என்ற கேள்வியை விட்டு 'அந்த இடம் எதற்கு வேண்டும்' என்பதற்கு நகர்கிறார். ஓரடி எல்லைக்கான சண்டை, மழைநீர் வழியும் திசையைப் பற்றியதாகவோ, மகளின் சீதனக் காணிக்கு வாகனம் போக வழியில்லாத கவலையாகவோ அப்போதுதான் தெரியவருகிறது. உண்மையான உரிமையாளர் ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்க, அற்றோணியுடன் வந்திருக்கும் உறவினருக்கு விட்டுக்கொடுக்கும் துணிவு இல்லாமற்போவதும் உண்டு. இணங்கத் தகுதியுள்ளவர் யார் என்று கண்டறிவதும் தொழிலின் பகுதியே. சபையில் சொன்னதை நீதிமன்றத்தில் எதிராகப் பயன்படுத்த முடியாது. தண்டிக்க முடியாதவர் முன் மனிதர் துணிந்து பேசுகிறார்கள். ஊர்ப் பெரியவர் என்ற மதிப்பு மட்டும் இதைச் செய்துவிடாது. உத்தரவிட்டே பழகிய அதிபருக்கு, உத்தரவிடாமல் இருக்கப் பழகுவதே கடினமான பயிற்சி.

இதற்கு எதிராக வைக்கப்படும் முதல் வாதம், இணக்கத்தை ஒருவர் மீறினால் சபை என்ன செய்யும் என்பது. கேள்வி நியாயமானது, சபையால் வலுக்கட்டாயமாக எதையும் நிறைவேற்ற முடியாது. ஆனால் நீதிமன்றக் கட்டளையும் அயலுக்குள் தானாக நிறைவேறுவதில்லை. தான் ஒப்புக்கொண்ட இறைப்பு முறையை ஒருவர் காப்பாற்றுவதற்கான வாய்ப்பு, தன்மேல் சுமத்தப்பட்டதைக் காப்பாற்றுவதைவிட அதிகம். ஆதலால் 'ஒற்றுமையாக இருப்போம்' என்று எழுதப்பட்ட இணக்கம் அரைவேலை. யார், என்ன, எந்தத் திகதிக்குள் என்று எழுதப்பட்டதே முழுவேலை.

இரண்டாவது வாதம் கனமானது: ஊர்ச் சபை ஊரின் அநீதிகளையும் சுமந்து வராதா? வரும். சாதியும் ஆண் மேலாதிக்கமும் வகுப்பறை வாசலில் நின்றுவிடுவதில்லை. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட மக்கள் போராடியது சமமான மனித உரிமைக்காக. அதை அரைவாசியாகப் பங்கிட எந்த மத்தியஸ்தருக்கும் உரிமை இல்லை. அடிபட்ட மனைவியை 'குடும்பம் பிரியக் கூடாது' என்று திருப்பி அனுப்புவதும் மத்தியஸ்தம் ஆகாது. அவளுக்கு 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. நுண்கடன் நிறுவனத்தின் முன் தனியே உட்காரும் பெண்ணையும் அந்த நிறுவனத்தையும் சமமான அயலவர்களாகப் பாவிக்கவும் முடியாது. அரசு ஒரு தரப்பாக உள்ள பிணக்குகள் சபையின் எல்லைக்குள் வருவதில்லை. எனவே வலிகாமம் வடக்கில் படையினர் வசமுள்ள காணிகளைக் கேட்பவர்களுக்கு இந்த மேசையில் விடையில்லை. இவை மத்தியஸ்தத்தைக் கைவிடுவதற்கான காரணங்கள் அல்ல. எந்தப் பிணக்கை ஏற்கக் கூடாது என்று அறிவதும் இத்தொழிலின் திறமை என்பதற்கான காரணங்கள்.

2016இல் சபைக்கு முதலில் வரவேண்டிய பிணக்குகளின் பெறுமதி வரம்பு 5 இலட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. நீதிமன்றச் சுமை குறைகிறது என்ற மகிழ்ச்சியில் அரசு சபைக்குப் போகும் பிணக்குகளின் எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறது. சுமை கூடியவர்களுக்கு ஈடாக என்ன கிடைத்தது? தொடர் பயிற்சி, மதிப்பான படி, தரப்பாருடன் தனியே பேச ஓர் அறை, இன்னும் கூடுதலான பெண்கள், இளையோர், ஒடுக்கப்பட்ட சமூகத்தவர்: இவை சலுகைகள் அல்ல, தொழிலின் கருவிகள். ஒரு சபையின் தரத்தை அது வழங்கிய சான்றிதழ்களின் தொகையால் அளக்கக் கூடாது. ஓராண்டு கழித்து எத்தனை இணக்கங்கள் நிலைத்திருக்கின்றன, நிர்ப்பந்தத்தால் கையெழுத்திட்டவர் எவரும் உண்டா என்று கேட்க வேண்டும். இணங்க மறுத்தவருக்குத் தாமதமின்றிச் சான்றிதழ் கொடுத்து அனுப்பும் சபையும் தன் கடமையைச் சரியாகவே செய்திருக்கிறது.