முதலில் தூத்துக்குடி

1656-இல் கொழும்பைக் கைப்பற்றிய டச்சுக்காரர், போர்த்துக்கீசியர் வசம் எஞ்சியிருந்த தூத்துக்குடி, மன்னார், யாழ்ப்பாணம், நாகப்பட்டினம் ஆகியவற்றுள் எதனை முதலில் தாக்கியிருக்க வேண்டும் என்று, மேஜைமீது தேசப்படம் விரித்துப் போர் விளையாட்டு ஆடும் நண்பர்களுடன் நேற்றிரவு நெடுநேரம் விவாதித்தேன்.

பிரதான கோட்டையாகிய யாழ்ப்பாணத்தையே நேரே முற்றுகையிட வேண்டும் என்பது அவர்கள் கட்சி. எனக்கோ, 1658-இன் தொடக்கத்தில் சேனாதிபதி ரைக்லோஃப் வான் கூன்ஸ் அனுசரித்த கிரமமே உத்தமமாகத் தோன்றுகிறது. முதலில் நம் தூத்துக்குடியையும், பிப்ரவரியில் மன்னாரையும் அவர் கவர்ந்துகொண்டதால், முத்துச் சலாபங்கள் நிறைந்த வளைகுடாவின் இருகரைத் துறைகளும் அவர் வசமாயின. அதன் பின்னரும் யாழ்ப்பாணக் கோட்டை மூன்று மாதங்களுக்கு மேல் எதிர்த்து நின்று ஜூனில்தான் பணிந்தது என்றால், பக்கபலம் தேடாமல் அதனை முதலிலேயே தொட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்! ஜூலையில் நாகப்பட்டினமும் வீழ்ந்தது.

ஆயினும், அச்சலாபங்களில் மூச்சடக்கி முத்தெடுத்த பரதவர்க்கு அந்தத் தேசப்படத்தில் ஒரு காய்கூட இல்லாதது என் மனத்தை மிகவும் வருத்துகிறது. அரசு மாறியும் கத்தோலிக்க விசுவாசத்தை விடாத அம்மக்களை அடுத்த ஆட்டத்தின் விதிகளிலேனும் சேர்க்க வேண்டுமென்று கேட்டிருக்கிறேன்.