பல்லேகல என்னும் பொதுக்களம்

ஆசிய நாடுகளின் உறவுகளைப் பற்றி எழுதுவோர் மாநாட்டு மண்டபங்களையும் உடன்படிக்கைகளையுமே பெரும்பாலும் எடுத்துக்காட்டுவர். அரசறிவியல் விரிவுரைகளில் நாமும் அவற்றையே குறித்துக்கொள்கிறோம். அவ்வுறவுகளின் மெய்யான நிலையை அறிய விரும்புவோர் கண்டிக்குக் கிழக்கேயுள்ள பல்லேகல கிரிக்கெட் மைதானத்தையும் ஒருமுறை கருதிப் பார்த்தல் வேண்டும் என்பது என் துணிபு.

2023 செப்டெம்பர் 2ஆம் நாள் ஆசியக் கிண்ணத்துக்காக இந்தியாவும் பாகிஸ்தானும் அங்கே மோதின. அவ்வாண்டுப் போட்டியை நடத்தும் உரிமை பாகிஸ்தானுக்குரியது. இந்திய அணியோ அந்நாட்டிற்குச் செல்வதில்லை என்ற முடிவில் இருந்தது. ஆகவே பதின்மூன்று ஆட்டங்களுள் நான்கு பாகிஸ்தானிலும் ஒன்பது இலங்கையிலுமாகப் பங்கிடப்பட்டன. அன்று இந்தியா 266 ஓட்டங்களைப் பெற்றது. பின்னர் மழை பிடித்துக்கொண்டது. பாகிஸ்தான் ஒரு பந்தையேனும் எதிர்கொள்ளாமலே ஆட்டம் முடிவின்றிக் கைவிடப்பட்டது. புல்மேட்டில் நண்பர்களோடு நனைந்தபடி இருந்த எனக்கு ஆட்டத்தைக் காட்டிலும் அது நடந்த இடமே வியப்பளித்தது. அமிர்தசரசுக்கும் லாகூருக்கும் இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ ஐம்பது கிலோமீற்றரே. அத்தனை அண்மையில் வாழ்பவர் ஒருவரையொருவர் சந்திப்பதற்குக் கடல் கடந்து, மகாவலிக்கரை மலைநாட்டுச் சிற்றூர் ஒன்றுக்கு வரவேண்டியிருக்கிறது!

இதற்கு விளையாட்டுச் சபைகளைக் குறைகூறிப் பயனில்லை. 1985இல் டாக்காவில் பிறந்த சார்க் அமைப்பின் சாசனம், இருநாட்டுப் பிணக்குகளும் சர்ச்சைக்குரிய விடயங்களும் அவ்வமைப்பின் ஆலோசனைகளில் இடம்பெறலாகாது என்று வரையறுத்துவிட்டது. வீட்டார் கூடுவார்கள், வீட்டுச் சண்டையைப் பற்றி மட்டும் பேசமாட்டார்கள் என்பது போன்றதே இது. 2014இல் காத்மண்டுவில் கூடிய உச்சிமாநாட்டின் பின் 2016இல் இஸ்லாமாபாத்தில் கூடவிருந்தது தடைப்பட்டது. அதன்பின் தலைவர்கள் அவ்வாறு கூடவேயில்லை. தலைவர்கள் செய்யாததைக் கிரிக்கெட் நிருவாகிகள் தமக்கியன்றவாறு செய்கின்றனர். 2027 வரை இவ்விரு நாடுகளும் நடத்தும் உலகப் போட்டிகளில் ஒன்றையொன்று பொதுவிடத்திலேயே சந்திக்கும் என 2024 டிசெம்பரில் ஐ.சி.சி. அறிவித்தது.

பொதுவிடமாகும் தகுதி இலங்கைக்குப் புதிதன்று. 1954இல் இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இந்தோனேசியா, இலங்கை ஆகியவற்றின் பிரதமர்கள் கொழும்பிலும் கண்டியிலும் கூடிப் பேசியதே மறுவருடத்துப் பண்டுங் மாநாட்டுக்கு வழிகோலியது. 1996இல், மத்திய வங்கிக் குண்டுவெடிப்பின் பின் அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் வர மறுத்தபோது, இந்திய, பாகிஸ்தான் வீரர்கள் ஒரே அணியாகத் திரண்டு கொழும்பில் வந்து ஆடினர். நான் பிறப்பதற்கு முன் நிகழ்ந்த அதனை வீட்டுப் பெரியவர்கள் இன்றும் நெகிழ்ச்சியோடு நினைவுகூர்வர். இவை பெருமைக்குரியனவே.

ஆயினும் பிறர் பிணக்குக்குப் பாய் விரிக்கும் இம்மண், தன் மடியில் வாழ்வோர்க்குப் பொதுவாக இருந்ததா என்ற வினாவை என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை. ஏனெனில் நான் தோட்டத்துக் குடும்பமொன்றிலிருந்து வந்தவர்களுள் ஒருவன். இரு நாடுகள் ஒத்துப்போகும்போது எளியோர் என்ன ஆவர் என்பதை என் குடும்பம் நன்கறியும்.

1964 ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகியது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டு நின்ற 975,000 பேருள் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு அரசுகளும் பாதிபாதியாகப் பிரித்துக்கொண்டன. இராசதந்திர நோக்கில் இது ஒரு வெற்றி. நீண்டகாலப் பிணக்கொன்று போரின்றி, பூசலின்றித் தீர்ந்தது. ஆனால் அம்மக்களைக் கேட்டு அந்த எண்கள் எழுதப்படவில்லை. என் பாட்டனாரின் தம்பி குடும்பத்தோடு தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக நீலகிரித் தேயிலைக்கே போய்ச் சேர்ந்தார். பாட்டனார் இங்கேயே நின்றார். ஒரே லயத்தில் பிறந்த இருவர் இரு நாட்டவராயினர். தொழில் மட்டும் மாறவில்லை. 1984இல் அக்கப்பலும் நின்றது. அதன்பின் போகவும் இயலாது, குடியுரிமையுமின்றி இங்கே தங்கிவிட்டவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை காத்திருப்பே வாழ்வாயிற்று.

பல்லேகல மைதானத்தைக் கடந்து செல்லும் வீதி திகனைக்குப் போகிறது. 2018 மார்ச்சில் திகனையிலும் தெல்தெனியவிலும் சுற்றூர்களிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன, எரிக்கப்பட்டன. கண்டியில் ஊரடங்கு; நாடெங்கும் அவசரகால நிலை; சமூக ஊடகங்களுக்குத் தடை. அப்போது நான் பள்ளி மாணவன். ஐந்தே ஆண்டுகளின் பின், அதே வீதியில், ஒன்றையொன்று நம்பாத இரு நாடுகளின் அணிகள் பாதுகாப்பு வாகனங்கள் புடைசூழ அச்சமின்றிப் போய்வந்தன. விருந்தினரைக் காக்கும் ஆற்றல் நமது அரசுக்கு உண்டென்பதை இது நிறுவுகிறது. அவ்வாற்றல் 2018இல் அவ்வீதியிலுள்ள கடைக்காரருக்கு உரிய நேரத்தில் ஏன் கிட்டவில்லை என்பதே கேள்வி. பாதுகாப்பு என்ற சொல்லை எல்லைக்கும் படைக்கும் உரியதாக மட்டும் கருதிப் பழகிவிட்ட பாடநூல்களில் இதற்கு விடை தேடிக் களைத்தேன்.

இம்மைதானத்தோடு மற்றொரு பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கண்டியில் பிறந்த முத்தையா முரளிதரனின் பாட்டனார் 1920இல் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர். பின்னர் அவர் திரும்பித் திருச்சிராப்பள்ளியில் குடியேறினார். முரளிதரனின் தந்தையார் இங்கேயே தங்கினார். 800 டெஸ்ட் விக்கெட்டுகளோடு முரளிதரன் 2010 ஜூலையில் டெஸ்ட் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். அதே மாதத்தில், பல்லேகல மைதானத்துக்கு அவர் பெயரைச் சூட்ட மத்திய மாகாண சபை தீர்மானித்தது. ஊர்ப்பெயர் நிலைப்பதில் எனக்கு வருத்தமேதுமில்லை. ஆயினும் ஆட்ட அட்டவணைகளில் இன்றளவும் அது பல்லேகல மைதானமாகவே இருந்து வருகிறது.