பெயரே மூச்சுச் சத்தம்தான்! பாகல்பூர் கங்கையில் ஒரு டால்பின் பயணம்

பீகார் மாநிலம் பாகல்பூர். காலை வேளையில் கங்கையில் படகு ஏறுகிறவர்கள், கேமராவுக்கு முன்னால் காதைத் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும்.

'ஸூஸ்...' என்று ஒரு சத்தம். திரும்புவதற்குள் சாம்பல் நிற முதுகு ஒன்று வளைந்து நீருக்குள் போய்விடும். கங்கை டால்பினின் தரிசனம் அவ்வளவுதான்!

தமிழில் டால்பினை ஓங்கில் என்கிறோம். கங்கைக் கரைக்காரர்களோ அது மூச்சுவிடும் சத்தத்தையே அதற்குப் பெயராக வைத்துவிட்டார்கள். பீகாரில் 'சோன்ஸ்', வங்காளத்தில் 'ஷுஷுக்'. 'சுசு' என்ற பெயரும் உண்டு. சொல்லிப் பார்த்தால் உங்களுக்கே அந்த மூச்சு கேட்கும்.

இன்னும் பழைய பெயர் ஒன்றும் இருக்கிறது. கொல்லக்கூடாத உயிர்கள் என்று பேரரசர் அசோகர் தன் தூண் கல்வெட்டில் ஒரு பட்டியல் தந்திருக்கிறார். அதில் வரும் 'கங்கா புபுடகா' இந்த டால்பின்தான் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். 2,200 ஆண்டுகளுக்கு முந்தைய பாதுகாப்பு உத்தரவு!

இதற்குப் பார்வை கிடையாது என்றே சொல்லலாம். கண்ணில் லென்ஸ் இல்லை. வெளிச்சம், இருட்டு தெரியும், அவ்வளவே. கலங்கிய ஆற்றில் ஒலி எழுப்பி, எதிரொலியைக் கேட்டுத்தான் வழியையும் இரையையும் கண்டுபிடிக்கிறது.

மீன் போலத் தெரிந்தாலும் இது பாலூட்டி. மூச்சுவிட அடிக்கடி மேலே வந்தே ஆக வேண்டும். மீன் வலையில் சிக்கினால் மேலே வர முடியாமல், தண்ணீருக்குள்ளேயே மூச்சுத் திணறி இறந்துபோகிறது. எந்த மூச்சு பெயர் வாங்கித் தந்ததோ, அதுவே அதன் பலவீனமும்கூட. ஒரு காலத்தில் எண்ணெய்க்காகவும் இதை வேட்டையாடினார்கள். அந்த எண்ணெய் மீன் பிடிக்கத் தூண்டில் இரையானது.

1991-ல் சுல்தான்கஞ்ச் முதல் கஹல்காவ் வரை சுமார் 60 கி.மீ. ஆற்றுப்பகுதி, விக்ரமசீலா டால்பின் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பாகல்பூர் இதன் நடுவில் இருக்கிறது. 2009-ல் இந்தியாவின் தேசிய நீர்வாழ் விலங்கு என்ற பெருமையும் கங்கை டால்பினுக்குக் கிடைத்தது. 2025-ல் வெளியான கணக்கெடுப்பின்படி, இந்திய ஆறுகளில் இருக்கும் ஆற்று டால்பின்கள் 6,327. அதில் பீகாரில் மட்டும் 2,220.

மழைக்காலம் முடிந்து ஆற்றில் நீர் குறையும்போது ஆழமான மடுக்களில் இவை கூடும். பார்ப்பதற்கு ஏற்ற நேரம் அதுதான். பாட்னாவில் இருந்து பாகல்பூருக்கு ரயிலிலேயே போய்விடலாம்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். நடு ஆற்றில் மோட்டாரை நிறுத்தச் சொல்லுங்கள். காதால் வாழும் உயிருக்கு அந்த இரைச்சல் பெரிய தொல்லை. அமைதியாகக் காத்திருங்கள். அது தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டு மேலே வரும்.