தவறிய விடைக்கும் ஒரு காரணம் உண்டு

திருவேங்கடத்தில் மாலை நேரங்களில் நம்மிடம் சில பிள்ளைகள் பயில வருகின்றனர். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் நான்காம் தொகுதித் தேர்வே அவர்களுடைய இலக்கு. அத்தேர்வின் 200 வினாக்களில் 100 தமிழுக்கு உரியவை. பத்தியொன்றைப் படித்துப் பொருளுணர்ந்து விடையளிக்கும் வினாக்களும் அவற்றுள் அடங்கும். தமிழ்ப் பகுதியில் 40 விழுக்காடு பெறாதவரின் ஏனைய விடைகள் திருத்தப்படுவதே இல்லை.

ஒருநாள் நாமே எழுதிய பத்தியொன்றைப் பயிற்சிக்குக் கொடுத்தோம். கரிசல் மண் ஈரத்தை நெடுநாள் தாங்குவதால் மழை குறைந்த ஆண்டிலும் பருத்தி ஓரளவு விளையும் என்பது அதன் கருத்து. விளைவதற்குப் பத்தி கூறும் காரணம் யாது என்ற வினாவுக்கு, ஒரு மாணவி 'கிணற்றுப் பாசனம்' எனக் குறித்திருந்தாள். "பத்தியைப் படித்தாயா, இல்லையா?" என்று அனைவர் முன்னிலையிலும் கடிந்தோம்.

"படிச்சேன் சார். ஆனா எங்க தோட்டத்துல கிணறு வத்துனா பருத்தி இல்லை" என்றாள் தாழ்ந்த குரலில்.

நாம் வாயடைத்துப் போனோம். அவள் அறியாமல் தவறவில்லை, அறிந்ததனாலேயே தவறியிருந்தாள். பத்தி சொன்னதை விட்டு, வாழ்வு சொன்னதை எழுதிவிட்டாள்.

மதரஸாவில் ஓதிய நாட்கள் நினைவுக்கு வந்தன. உயிர்க்குறிகளற்ற அரபுக் கிதாபை உஸ்தாது முன் வாசிப்போம். காஃப், தே, பே என்னும் மூன்று எழுத்துகளைக் 'கதப' என்று வாசித்தால் 'எழுதினான்'. 'குதிப' என்றால் 'எழுதப்பட்டது'. ஒருமுறை நாம் முன்னதாக வாசித்துவிட்டோம். உஸ்தாது கடியவில்லை. "எழுதியவன் யார்? அவனை இவ்வரியில் காட்டு" என்றார். வரி முழுதும் தேடினோம், அவன் இல்லை. பிழை தானே வெளிப்பட்டது. அதன்பின் அப்பிழை நம்மை அணுகவில்லை.

உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை ஆராய்ந்தபோது, விளங்காத சமணக் கருத்துகளைத் தம் ஊகத்தால் நிரப்பிவிடவில்லை. கும்பகோணத்துச் சமணர்களிடம் சென்று கேட்டுத் தெளிந்தார். 1887இல் வெளிவந்த அப்பதிப்பின் பெருமையில் அப்பணிவுக்கும் பங்குண்டு.

ஆகவே, நம் வகுப்பில் முறையை மாற்றினோம். சரியான விடையை உடனே சொல்வதில்லை. தவறிய ஒவ்வொரு வினாவுக்கும் பிள்ளைகள் ஏட்டில் இரண்டு செய்திகள் எழுத வேண்டும்: இவ்விடையை ஏன் தேர்ந்தேன்? இதை மறுக்கும் வரி பத்தியில் எது? எழுத எழுதப் பிழைகளின் முகம் தெரிகிறது. ஒருவன் 'பொருந்தாதது எது' என்பதைப் 'பொருந்துவது' என்றே படித்து வந்திருக்கிறான். மற்றொருவன் முதல் இரண்டு விடைகளைக் கண்டதும் மற்றவற்றைப் பாராமலே குறித்திருக்கிறான். அம்மாணவியோ பத்தியில் இல்லாததைத் தன் ஊரிலிருந்து கொணர்ந்திருக்கிறாள். மூவருக்கும் 'நன்றாகப் படி' என்ற ஒரே மருந்தைத்தான் இத்தனை ஆண்டுகளாக நாம் கொடுத்து வந்தோம்!

இப்போது நாமும் ஓர் ஏடு வைத்திருக்கிறோம். அதன் முதற்பக்கத்தில் அம்மாணவியின் பெயருக்கு எதிரே எழுதியிருப்பது இதுதான்: 'காரணம் கேட்குமுன் கடிந்தோம்.'